கண்டனூர் கம்ப்யூட்டரின் ஸ்டிக்கர்

செவ்வாய்க்கிழமை, இரவு

இது யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து அம்மாவிடம் காட்டாதீர்கள்.

எங்கள் ஆபீஸில் மூன்று கம்ப்யூட்டர்கள். கண்டனூர், சாக்கோட்டை, பிள்ளையார்பட்டி என்று அப்பாதான் பெயர் வைத்தார். ஒவ்வொன்றும் வேலை செய்யத் தேவையான லைசென்ஸ் கீ எண்ணையும் ஸ்டிக்கரில் எழுதி அதனதன் முதுகில் ஒட்டினார். வேறெங்கும் எழுதி வைக்கவில்லை. பிறகு மலேசியாவுக்குப் போய்விட்டார். இப்போது போனும் வருவதில்லை.

இன்று கண்டனூர் திடீரென்று கீ கேட்டது. ஸ்டிக்கரைக் காணவில்லை.

"கண்டனூர்ல உக்காருறது நீதானே செல்வி? யாருக்கு எடுத்துக் கொடுத்த?" என்றாள் அம்மா.

"நான் எதுக்குக்கா எடுக்கப் போறேன்? என்னைய இப்படி நெனச்சிட்டீகளே" என்று செல்வி அக்கா அழுதாள். நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

ஸ்டிக்கர் என் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. அப்பா ஏழு எழுதினால் நடுவில் ஒரு கோடு போடுவார். தூங்கும் முன் அந்தக் கோட்டைத் தடவிப் பார்ப்பேன்.

கீயை மட்டும் வேறு தாளில் எழுதி மேசையில் போட்டுவிடலாம் என்று இப்போது எழுதினேன். என் ஏழிலும் அதே கோடு. எனக்கே இன்றுதான் தெரிந்தது. பார்த்ததும் நான்தான் என்று அம்மா கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடிக்கட்டும். ஸ்டிக்கரையே கொடுத்துவிடுகிறேன். செல்வி அக்கா திரும்பி வந்துவிடுவாள். அம்மா அடித்தாலும்

கதவைத் தட்டுகிறாள்