கடைசி அலசல் தண்ணீர்

அன்புள்ள பூச்சி டாக்டரம்மாவுக்கு,

உன் லாண்டரிக்காரன் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, கடையும் ஓடுகிறது. புது மெஷின் வந்தாயிற்று. சுற்றச் சுற்ற நகர்ந்து வாசல் வரை வந்துவிடுகிறது. பலகை வைத்து நிறுத்தியிருக்கிறேன்.

ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. சமையலறை ஜன்னலில் நீ விட்டுப்போன ஜாடியில் தண்ணீர்ப்பூச்சிகள் பாதிக்கு மேல் செத்துவிட்டன. கொன்றது நான்தான்.

காலையில் ஓடப் போகும்போது போட்டுக்கொள்வாயே, நாற்றம் பிடிக்காத சாம்பல் நிறச் சட்டை, அதை நீ கிளம்பின அன்று கழற்றிப் போட்டது போலவே பதினான்கு மாதமாக வைத்திருந்தேன். ஊரார் அழுக்கையெல்லாம் வெளுக்கிறவன் உன் சட்டையை மட்டும் துவைக்கவில்லை. போன வாரம் கடைக்கு எடுத்துப்போய் முகத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை. இஸ்திரி போடும் அக்கா பார்த்துவிட்டார். “என்ன தம்பி, கறையைத் தேடுறீங்களா, ஆளைத் தேடுறீங்களா?” என்றார். சட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த நூலில் கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள் இருக்கிறது, வியர்வையை நாறவைக்கும் கிருமியை அதுதான் கொல்கிறது, துவைக்கத் துவைக்கக் கழன்றுவிடும் என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது. வெள்ளி போனால் அடியிலிருந்து உன் வாசம் வரும் என்று நினைத்தேன். இருபது வருஷம் துணி துவைத்தவனுக்கு வருகிற புத்தியா இது? வீட்டில் சோப்புப் போடாமல், கொஞ்சத் தண்ணீரில் நாலு தடவை அலசினேன். வாசம் வரவில்லை. கடைசி அலசல் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. எங்கள் தொழிலில் அதுதான் சுத்தத்துக்கு அத்தாட்சி. ஜாடியில் தண்ணீர் குறைந்திருந்தது; வீணாக்குவானேன் என்று அதில் ஊற்றிவிட்டேன்.

மறுநாள் பார்த்தால், ஓயாமல் குதிக்கிற பூச்சிகள் அடியில் கிடந்தன. சாக்கடை வழியே குளத்துக்குப் போகிற துகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சேற்றில் படியும், கொஞ்சம் கரையும், பாசியில் ஏறும், பாசியைத் தின்கிற பூச்சிக்குள் போகும், பூச்சியைத் தின்கிற மீனுக்கும் போகலாம் என்று நீ சொல்லும்போதெல்லாம் நான் கொட்டாவி விட்டேன். அந்தத் தெளிந்த தண்ணீரிலும் வெள்ளி இருந்திருக்கிறது என்று இப்போதுதான் உறைக்கிறது. கண்ணால் காண்பதும் பொய் என்று சும்மாவா சொன்னார்கள்! மிஞ்சினதை உடனே கிணற்றுத் தண்ணீருக்கு மாற்றினேன். பதினொன்று பிழைத்திருக்கின்றன. ஒன்றின் முதுகில் முட்டை தெரிகிறது. உன் பூதக்கண்ணாடியை வைத்துத் தினமும் பார்க்கிறேன்.

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடட்டுமா என்று போனில் கேட்டாய். உன் இஷ்டம் என்றேன். அது பொய். உன் வேலை எவ்வளவு பெரிசு என்று புரிந்த பிறகு போடாதே என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இங்கேயும் சாக்கடை இருக்கிறது, குளம் இருக்கிறது. என் கடையிலிருந்தே நாள் முழுக்க அலசல் தண்ணீர் போகிறது. ஆராய்ச்சிக்கு இங்கே என்ன பஞ்சம்? நீ இல்லாமல் என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

வேளைக்குச் சாப்பிடு. ஓடுகிறேன் என்று முழங்காலைக் கெடுத்துக்கொள்ளாதே. ஒரே ஒரு உதவி: சாதாரணப் பருத்திச் சட்டை ஒன்றை நாலு நாள் போட்டுவிட்டு, துவைக்காமல் எனக்குக் கொடு. தபாலில் வேண்டாம், வழியிலேயே வாசம் போய்விடும். நீயே போட்டுக்கொண்டு வந்துவிடு.

உன்,
வீட்டுக்காரன்