அறுபத்தொரு பேரும் சாப்பிட்ட சோறு

விடுதிப் படிப்பறை,
ஞாயிறு காலை.

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் எழுதுவது. நான் தேறிவிட்டேன். முந்தாநாளிலிருந்து வயிறு ஒழுங்காக இருக்கிறது. நேற்று மத்தியானம் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். உன் இடத்தில் இப்போது சமைப்பவர் உப்பைப் பயந்து பயந்து போடுகிறார். உன் விரலில் போட்ட தையலைப் பிரித்துவிட்டார்களா? மாமா வீட்டில் உன்னால் சும்மா உட்கார முடியாது என்று எனக்குத் தெரியும். பாத்திரம் தேய்ப்பதை மட்டும் இன்னும் ஒரு வாரம் அத்தையிடம் விட்டுவிடு.

மாமா நேற்று விடுதி தொலைபேசியில் கூப்பிட்டார். வார்டன் மேடம் அனுப்பிய காகிதம் வந்து சேர்ந்துவிட்டது என்றும், "உங்கம்மா புதன்கிழமை கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவா, நீ கவலப்படாம படி" என்றும் சொன்னார். அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமையே உன் கைக்குக் கிடைக்கும்படி கூரியரில் அனுப்பப் போகிறேன். மாமாவைப் படித்துக் காட்டச் சொல்லாதே. அவர் அவசரத்தில் பாதியை விட்டுவிடுவார். நீயே எழுத்துக் கூட்டி மெதுவாகப் படி. எழுத்துகளைப் பெரிதாகத்தான் எழுதியிருக்கிறேன்.

அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், மேடம் எனக்கும் வாசித்துக் காட்டினார். உன் விரல் புண்ணால்தான் ஆண்டு விழாச் சாப்பாடு கெட்டது, இருபத்தேழு பெண்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தது, தவறு முழுவதும் உன்னுடையது என்று இருக்கிறது. அம்மா, அது உண்மை இல்லை. எப்படித் தெரியும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குச் சாப்பிட்டோம். முதல் ஆள் கழிவறைக்கு ஓடியது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. பெரும்பாலானவர்களுக்கு அன்று மத்தியானத்துக்கு மேல்தான். எல்லோருக்கும் காய்ச்சல் இருந்தது. உன்னை அன்று சாயங்காலமே பஸ் ஏற்றிவிட்டார்கள். நான் கழிவறை வரிசையில் ஏழாவதாக நின்றுகொண்டிருந்தேன், வழியனுப்ப வர முடியவில்லை. வரிசையை விட்டிருந்தால் வழியனுப்பும் இடத்தில் வேறு ஏதாவது நடந்திருக்கும்.

திங்கட்கிழமை தலை சுற்றல் கொஞ்சம் நின்றதும் நூலகத்துக்குப் போனேன். சுகாதாரப் பணியாளர்களுக்கான தடிப் புத்தகம் ஒன்று மேல் தட்டில் இருக்கிறதே, அதை எடுத்தேன். புண்ணில் சீழ் வைக்கும் கிருமி சாப்பாட்டில் விழுந்தால் அங்கேயே நஞ்சைக் கக்கி வைத்துவிடுமாம். அதைச் சாப்பிட்டவர்கள் ஒரு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்க ஆரம்பித்துவிடுவார்களாம். காய்ச்சல் அநேகமாக இருக்காதாம். உன் புண் காரணம் என்றால் ஆண்டு விழாவின் கடைசி நாடகம் முடிவதற்குள் நாங்கள் பாதிப் பேர் மேடைக்குப் பின்னால் குனிந்திருக்க வேண்டும். யாரும் குனியவில்லை. எல்லோரும் நன்றாகத் தூங்கினோம்.

அதன் பிறகு அறை அறையாகப் போய் அறுபத்தொரு பேரிடமும் கேட்டேன். என்னென்ன சாப்பிட்டாய், முதலில் எத்தனை மணிக்கு ஓடினாய் என்று இரண்டே கேள்விதான். பன்னிரண்டாம் வகுப்பு அக்கா ஒருத்தி, "இதெல்லாம் ஒரு கேள்வியாடி, வெக்கமே இல்லையா உனக்கு?" என்றாள். எனக்கு வெட்கம் இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

நீ வடித்த சோற்றையும் காய்கறிக் குழம்பையும் அறுபத்தொரு பேரும் சாப்பிட்டிருக்கிறோம். பேக்கரியிலிருந்து வந்த அந்த வெள்ளை மயோனைஸை முப்பத்தொரு பேர் சாப்பிட்டிருக்கிறோம், அதில் இருபத்தாறு பேருக்கு வயிற்றால் போனது. சாப்பிடாதவர்கள் முப்பது பேர். அவர்களில் ஒரே ஒருத்திக்குப் போயிருக்கிறது. நாங்கள் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடும் என் அறைத்தோழிக்கு.

அந்த ஒருத்தியால் என் கணக்கு ஒரு நாள் முழுக்க நின்றுபோனது. அவளை மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் தொடவே இல்லை என்று சாதித்தாள். நான்காம் முறை கேட்டதும், "சாப்பிடலடி. டப்பாவ கழுவப் போடும்போது விரலால வழிச்சு நக்கினேன். அது சாப்பிட்டதுல சேருமா?" என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இப்போது கணக்கு இதுதான்: சாப்பிட்டவர்கள் முப்பத்திரண்டு, அதில் இருபத்தேழு பேருக்கு நோய். சாப்பிடாத இருபத்தொன்பது பேரில் ஒருவருக்கும் இல்லை. சாப்பிட்டும் ஐந்து பேருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன். அதை மறைத்தால் நானும் அந்தக் காகிதத்தைப் போல் ஆகிவிடுவேன்.

அந்த மயோனைஸ் டப்பா சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். "இது பச்ச முட்டையில அடிச்சது மேடம், ஃப்ரிட்ஜுல வைக்கணும்" என்று நீ சொன்னாய். "ஃப்ரிட்ஜ் விருந்தாளிங்க கூல்டிரிங்ஸுக்கு. இது எங்க அண்ணன் கடைச் சரக்கு, கெடாது" என்று மேடம் சொன்னார். நான் அப்போது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், இரண்டும் என் காதில் விழுந்தது. டப்பா சாயங்காலம் வரை அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலில் இருந்தது.

எது பரிமாறினாலும் அதில் ஒரு கிண்ணம் எடுத்து மூடி, தேதி எழுதி மூன்று நாள் ஃப்ரிட்ஜில் வைப்பாயே, அந்தக் கிண்ணங்கள் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வேலை இருந்திருக்காது. திங்கட்கிழமை காலையே மேடம் ஆள் விட்டுச் சமையலறையைக் கூரை வரை பிளீச்சிங் பவுடரால் கழுவச் சொன்னார். கிண்ணங்கள் அனைத்தும் குப்பைக்குப் போயின. அதே நாள் விடுதி டாக்டர் எங்களை வரிசையில் நிறுத்தி, பூச்சி மாத்திரை கொடுப்பதைப் போல, ஆளுக்கு ஒரு பட்டை ஆன்டிபயாடிக் கொடுத்தார். மலத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கு முன் அந்த மாத்திரையைப் போட்டால் கிருமி பரிசோதனையில் அகப்படாமல் போகலாம் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அங்கேயே விழுங்கச் சொன்ன முதல் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்திருந்து துப்பிவிட்டேன், மற்றதைப் போடவில்லை. நீ திட்டுவாய். பிறகு நான் சோதனைக்குப் போன லேபில் வேலை செய்யும் அக்காவும் திட்டிவிட்டார்: "காய்ச்சல் ஏறியிருந்தா என்ன பண்ணியிருப்ப? உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் உங்கம்மாவுக்குப் பதில் சொல்றது?" அவர் கேட்டது சரிதான். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தேன் என்று மட்டும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை சுகாதார ஆய்வாளர் வந்தார். பளபளவென்று இருந்த சமையலறையைப் பார்த்து, சோதனைக்கு எடுக்க எதுவும் மீதமில்லை என்று எழுதிக்கொண்டு கிளம்பினார். மாடிப்படியில் ஓடிப்போய் மறித்தேன். "சார், சாம்பிள் என்கிட்ட இருக்கு" என்றேன். அவர் என் இரண்டு கைகளையும் பார்த்தார். "கையில இல்ல சார்" என்றேன். அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. பிறகு ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை, ஆனால் லேபுக்குச் சீட்டு எழுதி, ஒரு டப்பாவையும் கொடுத்தார்.

புதன்கிழமை காலை அந்த டப்பாவைப் புத்தகத்துக்குப் போடும் பழுப்புத்தாளில் சுற்றி, ஒட்டடைக்குச்சியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "என்னம்மா, பரிசா?" என்று கேட்டார். ஒட்டடைக்குச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். லேபில் ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். லேப் அக்கா டப்பாவைத் தூக்கிக் காட்டி, "இது யாரோடது?" என்று சத்தமாகக் கேட்டார். "என்னோடது" என்று நானும் சத்தமாகவே சொன்னேன். அம்மா, அதைச் சொன்ன பிறகு எனக்கு இந்த உலகத்தில் எதற்கும் பயமில்லை போல இருந்தது.

முடிவு வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். நேற்றுக் காலை போனேன். சிவப்புக் கூழ் ஊற்றிய சின்ன வட்டத் தட்டு ஒன்றை லேப் அக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து காட்டினார். அதில் கடுகு கடுகாக ஏதோ முளைத்திருந்தது, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கறுப்புப் புள்ளி. இதைப் பார்த்தே சந்தேகம் வந்து வேறு இரண்டு சோதனைகளும் செய்து உறுதிப்படுத்திவிட்டாராம். சால்மொனெல்லா என்று பெயர். முட்டையிலும் கோழியிலும் வரும், நன்றாக வேகவைத்தால் செத்துவிடும், வெயிலில் வைத்தால் பெருகும் என்றார். புண்ணில் சீழ் வைக்கும் கிருமி அந்தச் சோதனையில் இல்லவே இல்லை. முத்திரை போட்ட அறிக்கையின் நகல் இந்தக் கடிதத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஆய்வாளர் பேக்கரியில் முட்டை எடுத்துப் போயிருக்கிறார், அதன் முடிவு இன்னும் வரவில்லை.

அறிக்கையை மேடத்தின் மேசையில் வைத்தேன். இரண்டு முறை படித்தார். பிறகு, "அந்தக் கிருமி உங்கம்மா வயித்துலயே இருந்து, கை வழியா வந்திருக்கலாம்ல?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் தப்பில்லை, புத்தகத்திலும் அப்படி வரலாம் என்றுதான் இருக்கிறது. ஆனால் உன் கை பட்ட சோற்றைச் சாப்பிட்டு, மயோனைஸை மட்டும் தொடாத இருபத்தொன்பது பேருக்கு ஏன் வரவில்லை என்று என் பட்டியலைக் காட்டினேன். அவர் பட்டியலைப் பார்க்கவில்லை. "அப்ப அதையும் பார்த்துடலாம் மேடம், எங்கம்மாவோடதையும் சோதிக்கலாம், உங்க அண்ணன் கடைல மயோனைஸ் அடிச்சவரோடதையும் சோதிக்கலாம்" என்றேன். மேடம் அறிக்கையை என் பக்கம் தள்ளிவைத்தார். கடைசியில், நீ கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு அடுத்த வருஷமும் இங்கே இலவச இடம் என்றார்.

உனக்கும் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள், இல்லையா? மாமாவின் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்தக் கூரியரில் ஒரு புது டப்பாவும் வரும். லேப் அக்கா கொடுத்தது. மூடியிலேயே சின்னக் கரண்டி இருக்கும். உள்பக்கம் கை படாமல் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் அங்கே இருக்கும் அரசு மருத்துவமனை லேபில் கொடு. ஆய்வாளர் எழுதிய சீட்டும் இருக்கிறது. யாரோடது என்று கேட்டால் என்னோடது என்று சொல். ஒருவேளை உனக்கும் இருக்கிறது என்று வந்தால் அதையும் அப்படியே எழுதிக் கொடுப்போம், மருந்து சாப்பிட்டால் போய்விடும். ஆனால் உனக்குத் தெரியாத ஒன்றைத் தெரியும் என்று எழுதி அதன் கீழே பெயர் போடாதே.

பள்ளிகள் வேறேயும் இருக்கின்றன, விசாரித்துவிட்டேன். மாமா ஊரில் இருக்கும் பள்ளியில் ஆய்வுக்கூடம் இல்லையாம், நூலகம் இருக்கிறதாம். அது போதும். நீ கையெழுத்துப் போட்டு நான் இங்கேயே இருந்தால், தினமும் மூன்று வேளை அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். என்னால் ஒரு வாய் முழுங்க முடியாது அம்மா.

புதன்கிழமை வரைக்கும் பேனாவைத் தொடாதே. பிறகும் தொடாதே.

உன் விரல் சீக்கிரம் ஆறட்டும்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
உன் மகள்.