நீங்கள் உருண்ட வீதி

அண்ணை,

என் அலுமாரியைத் திறந்தால் இப்போதெல்லாம் ஒரு மணம் வருகிறது. பழைய வியர்வை, ரப்பர், காய்ந்த புல். உங்கள் மகன் நிரோஷனின் ஹெல்மெட் அங்கே இருக்கிறது. அது எப்படி என்னிடம் வந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அதற்கு முன் ஒரு சந்தோஷம். இதை நானே எழுதுகிறேன். நீங்கள் போன பிறகு தமிழ்ப் பள்ளிக்கூடத்து ரீச்சரிடம் போய்க் கேட்டேன். சனிக்கிழமைகளில் பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் எனக்குச் சொல்லித் தந்தார். ஊரில் மாடுகளோடு போனவனுக்குப் பள்ளிக்கூடம் வாய்க்கவில்லை. இங்கே வந்து உணவகக் குசினியில் சட்டி கழுவிய காலத்தில் எழுத்துத் தேவைப்படவும் இல்லை. நீங்கள் இருந்தீர்கள். எனக்கு வந்த கடிதங்களை எல்லாம் நீங்கள்தான் வாசித்தீர்கள். "உனக்கு என்னத்துக்கடா எழுத்து, நான் இருக்கிறன்தானே" என்பீர்கள். இப்போது கோயில் நோட்டீசை நானே வாசிக்கிறேன். ஒரு வரி எழுதி முடிந்ததும் பேனையை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் கை செய்த வேலை என்று நம்பவே முடியவில்லை. உங்களிடம் காட்ட முடியவில்லை என்பதுதான் குறை.

சுவிஸில், லாங்கன்தாலில் நாம் இருந்த அந்தக் கட்டடத்தில் உங்களுக்கும் எனக்கும் உடுப்புத் தோய்க்கும் முறை ஒரே நாளில் வந்தது. கீழே தோய்க்கும் அறையில் இருந்துதான் நாம் அதிகம் கதைத்திருப்போம். நிரோஷனின் வெள்ளைக் காற்சட்டையில் புல் கறை பிடித்திருக்கும். மெஷினில் போடுவதற்கு முன் நீங்கள் சவர்க்காரம் போட்டு உரஞ்சுவீர்கள். உரஞ்சிக்கொண்டே திட்டுவீர்கள்.

"புட்போல் எண்டால் காலால அடிக்கிறது. இதென்னடா, கையால எறியிறாங்கள், பிறகு ஆளை ஆள் விழுத்துறாங்கள். இதுக்கு ஒரு பேர் வேற."

"அமெரிக்கன் புட்போல், அண்ணை. நிரோதான் குவாட்டர்பேக். அவன்தான் பந்தை வாங்கி ஆருக்கு எறியிறது எண்டு முடிவெடுக்கிறவன். அவன் இல்லாட்டி மற்றவங்கள் சும்மா நிக்க வேண்டியதுதான்."

"ஓம், வீட்டில ஒரு தேத்தண்ணி போடுறதெண்டாலும் அவனுக்கு முடிவெடுக்கத் தெரியாது."

நான் ஆட்டம் பார்க்கப் போவேன். நீங்கள் ஒருநாளும் வரவில்லை. நான் வந்து சொல்லும்போது மட்டும், காதில் விழாதவர் போல இருந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்பீர்கள். எத்தனை தூரம் எறிந்தான் என்று நான் சொல்ல மறந்தால், நீங்களே கேட்டுவிடுவீர்கள்.

பிறகு ஜெர்மனியில் இருந்து ஒரு கழகம் அவனைக் கூப்பிட்டது. சம்பளம் தந்து விளையாட வைக்கிற கழகம். கோடை முடிய வரச் சொன்னார்கள். அவன் மின்சார வேலை படித்து, நல்ல கொம்பனியில் நிரந்தரமாகிச் சில காலம்தான் ஆகியிருந்தது. அன்று உங்கள் வீட்டில் நடந்த சண்டை எனக்குக் கீழே வரை கேட்டது. "அகதியா வந்து, குளிருக்க நிண்டு உன்னைப் படிப்பிச்சது பந்து எறியவோ?" என்று நீங்கள் கேட்டீர்கள். "நீங்கள் ஒரு மட்ச் வந்து பாத்திருக்கிறீங்களோ அப்பா? நான் நல்லா விளையாடுறனோ இல்லையோ எண்டாவது உங்களுக்குத் தெரியுமோ?" என்று அவன் கேட்டான்.

அவன் விழுந்த ஆட்டத்தில் நான் இருந்தேன். மழை பெய்து விட்டிருந்தது. பந்தை வாங்கிப் பின்னால் வந்து, எறிய ஆள் தேடி நின்றான். ஒரு கணம் கூடுதலாக நின்றுவிட்டான். இடது கால் ஈரப் புல்லில் ஊன்றியிருக்க, பக்கத்தில் இருந்து வந்தவன் அந்தக் காலின் மேலேயே விழுந்தான். சத்தம் எனக்குக் கேட்டது. ஆட்டம் நின்றது. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி அப்படியே இருந்தார்கள். கும்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். அடிபட்டவனுக்குக் கொடுக்கும் மரியாதை அது என்று பிறகுதான் தெரிந்தது.

உங்களுக்குப் போன் எடுத்தேன். "உயிருக்கு ஒண்டுமில்லையே?" என்றீர்கள். "கால்தான் அண்ணை, முறிஞ்சு போச்சு" என்றேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டீர்கள்.

ஆஸ்பத்திரியில் அவனைச் சத்திரசிகிச்சைக்கு உள்ளே கொண்டு போயிருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து, முழங்காலில் தசைநாரும் அறுந்திருந்தது. நிரோஷனைப் பெற்ற அக்கா நிலத்தைப் பார்த்தபடி இருந்தா. நீங்கள் என் கையைப் பிடித்துக் கோப்பி மெஷின் பக்கம் கூட்டிக்கொண்டு போனீர்கள்.

"நான்தான்டா முறிச்சனான்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறீங்கள்?"

"முருகனுக்கு நேர்த்தி வைச்சனான். இவன் ஜெர்மனிக்குப் போகாமல் நிண்டால், தேருக்கு வீதியில உருண்டு பிரதட்டை பண்ணுறன் எண்டு." கோப்பி மெஷினில் கையை ஊன்றிக்கொண்டீர்கள். "நான் கேட்டது போகக் கூடாது எண்டுதான். காலைக் கேக்கேல்லை. அந்த மனுசனுக்கு வேற வழி தெரியேல்லையோ?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கடவுளை 'அந்த மனுசன்' என்று நீங்கள் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

"அப்ப நேர்த்தியை விட்டிடுங்கோவன்."

"விட்டால் மற்றக் காலையும் எடுத்திடுவார். உனக்குத் தெரியாது."

ஆவணி வெயிலில் தேர் வந்தது. நமது கோயில் டயர் விற்கும் கடைக்கும் பண்டகசாலைக்கும் நடுவில்தானே இருக்கிறது. வீதி என்றால் தார் ரோட்டுத்தான். வாளியில் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் குளிர வைத்தார்கள். ஈர வேட்டியோடு நீங்கள் படுத்தீர்கள். ஒரு பக்கம் நான் பிடித்தேன். நிரோஷன் இரண்டு கைத்தடியிலும் தொங்கிக்கொண்டு உங்களுக்குப் பக்கத்தாலேயே வந்தான். கோயில் பக்கமே வராத பிள்ளை. பார்த்தவர்கள் கேட்க, அவன் அழுதழுது சொன்னான்: "அப்பா என்ர காலுக்காக உருளுறார்."

அது உங்களுக்குக் கேட்டது. முகம் தாரில் பட்டபடி உருளாமல் அப்படியே கிடந்துவிட்டீர்கள். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. நான் குனிந்து, "ஏலாட்டி எழும்புங்கோ அண்ணை, காணும்" என்றேன்.

"எழும்பினால் அவன்ர முகத்தைப் பாக்க வேணும். பிடிச்சு உருட்டு."

உருட்டினேன்.

அன்றிலிருந்து அவன் உங்களோடு சண்டை பிடிக்கவில்லை. உங்களுக்கு எது வேண்டுமென்றாலும் ஓடிவந்தான். டொக்டரிடம் காட்டக் கூட்டிக்கொண்டு போனான், குளிருக்குச் சப்பாத்து வாங்கித் தந்தான். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் சுருங்கிப் போனதை நான் பார்த்தேன். "இதை எப்பிடியடா இனிச் சொல்லுறது? அவன் என்னைக் கும்பிடுறான்" என்றீர்கள். ஒருநாள் சொல்லுவேன் என்றும் சொன்னீர்கள். நான் வாயைத் திறக்கக் கூடாது என்றும் என்னிடம் சத்தியம் வாங்கினீர்கள்.

ஜெர்மன்காரர் மாரிக் குளிர் வரை பொறுத்தார்கள். இரண்டாவது சத்திரசிகிச்சை வந்ததும், மரியாதையாகப் பேசி வேறொருவனை எடுத்துவிட்டார்கள். அடுத்த வசந்தத்தில் நிரோஷன் இங்கே பழைய குழுவோடு பயிற்சிக்குப் போனான். நான் கம்பிக்கு வெளியே நின்று பார்த்தேன். தனியாக நிற்கும்போது முன்னைப் போலவே எறிந்தான். யாராவது கிட்ட ஓடிவந்தால் மட்டும், இடது கால் தானாகத் தூக்குப்பட்டுவிடும். பந்து பாதியில் விழும். "சித்தப்பா, எல்லாரும் கையால எறியிறது எண்டு நினைக்கினம். காலாலதான் எறியிறது. ஊண்ட ஏலாட்டி ஒண்டும் இல்லை" என்றான். ஒரு வருடம் பொறுத்துப் பார் என்று டொக்டர் சொன்னார். அவன் பொறுக்கவில்லை. பையைக் கட்டி, கட்டடத்துக்கு அடியில் சாமான் வைக்கும் கெல்லரில் போட்டுவிட்டு மின்சார வேலைக்கே போய்விட்டான். குளிர் நாட்களில் ஏணி ஏறினால் இன்றைக்கும் நோகிறது.

போன மார்கழியில் நீங்கள் சொல்லாமல் போய்விட்டீர்கள். என்னிடமும் சொல்லவில்லை, அவனிடம் சொல்ல வேண்டியதையும் சொல்லவில்லை.

அக்கா சிறிய வீடொன்றுக்கு மாறுகிறா. அதனால் நானும் நிரோஷனும் உங்கள் கெல்லரை வெறுமையாக்கினோம். மாரிக் கால டயர்களுக்குப் பின்னால் அந்தப் பை இருந்தது. நிரோஷன் ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு டயரில் இருந்தான். சின்னப் பிள்ளைகளின் குழுவுக்குப் பயிற்சி கொடுக்க வரச் சொல்லிக் கழகத்தில் கேட்டார்களாம். மாட்டேன் என்று சொல்லிவிட்டானாம்.

"ஏனடா? உனக்கு அதில விருப்பம்தானே."

"எந்த முகத்தோட போறது சித்தப்பா? அப்பா அந்த வயசில, தோல் உரிய உரிய, நான் திரும்பி விளையாட வேணும் எண்டு உருண்டவர். நான் ஒரு வருசம் பொறுக்கேல்லை. அவரின்ர நேர்த்தியைப் பழுதாக்கினது நான்தான்."

அண்ணை, அந்த இடத்தில் உங்களுக்குக் கொடுத்த சத்தியத்தை என்னால் வைத்திருக்க முடியவில்லை. நீங்கள் இருந்து கேட்டிருந்தால் உங்களாலும் முடிந்திருக்காது. சொன்னேன். நேர்த்தி எப்போது வைத்தது, எதற்கு வைத்தது, தாரில் முகம் வைத்து நீங்கள் சொன்னது, எல்லாவற்றையும். சொல்லிக்கொண்டிருக்கும்போது கெல்லர் விளக்கு தானாக அணைந்துவிட்டது. இருவரும் எழுந்து போடவில்லை.

கடைசியில் அவன் எழுந்தான். ஹெல்மெட்டை என் கையில் தந்துவிட்டு, படியேறிப் போய்விட்டான். பிறகு நான் போன் எடுத்தால் அவன் எடுக்கவில்லை. நான் நித்திரை கொள்ளவில்லை. உங்கள் பிள்ளையிடம் இருந்து உங்களைப் பறித்துவிட்டேனோ என்று இருந்தது.

போன கிழமை நான் தோய்த்துக்கொண்டிருக்கும்போது வந்தான். வாசலிலேயே நின்றான். வணக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை.

"சித்தப்பா, நடக்காத ஒண்டுக்கு ஆரும் நேர்த்தி வைப்பினமோ?"

எனக்கு விளங்கவில்லை.

"என்னால ஏலாது எண்டு அப்பா நினைச்சிருந்தால், பேசாமல் விட்டிருப்பார். போயிட்டுத் தோத்துப்போய்த் திரும்பி வரட்டும் எண்டு விட்டிருப்பார். அவர் முருகனிட்டப் போயிருக்கிறார். அப்ப நான் அங்க போனால் நிலைச்சு நிண்டிடுவன் எண்டு அவருக்குத் தெரிஞ்சிருக்கு." கொஞ்ச நேரம் மெஷின் சுற்றுவதைப் பார்த்தான். "எனக்கு ஒருக்காலும் சொல்லேல்லை. முருகனுக்குச் சொல்லியிருக்கிறார்."

"கோவமோடா?"

"ஓம். நல்ல கோவம். அது இருக்கும்."

இதை எழுதப் போகிறேன் என்றேன். "எழுதுங்கோ, இனி ஒளிக்க என்ன இருக்கு" என்றான். பயிற்சி கொடுக்கப் போவானோ தெரியவில்லை. நான் கேட்கவில்லை. ஹெல்மெட்டையும் அவன் கேட்கவில்லை.

அண்ணை, அவன் அன்று வாசலில் நின்று சொன்னது உங்களுக்குச் சொல்ல வேண்டியது. உங்கள் வீட்டு மேசையில் வைத்து, உங்கள் முகத்தைப் பார்த்து அவன் கத்தியிருக்க வேண்டும். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு, "ஓமடா, நீ நல்லா விளையாடினனிதான்" என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு சொல்லுக்கு அவன் எத்தனை வருடம் காத்திருந்தான் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. இரண்டு பேருக்கும் கிடைக்க வேண்டியது, தோய்க்கும் அறையில், ஈர உடுப்போடு நின்ற எனக்குக் கிடைத்தது. எனக்குரியது இல்லை என்று தெரிந்தும் வைத்திருக்கிறேன். கொடுக்க ஆள் இல்லை.