அரைக் கட்டை இறங்கிய இத்தாலிக்காரி

உன் ரெக்கார்டு பிளேயர் இன்று காலை என் வீட்டுக்கு வந்து சேர்ந்ததடா. தங்கச்சி பகாவ் ஊரில் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு இருக்க லோபாக்குக்குப் போகிறாள். போகிற வழியில் காரை நிறுத்தி இதை இறக்கினாள். “அண்ணே, இது அங்க வேணாம். அந்தப் பொம்பள குரல இனி என்னால கேக்க முடியாது” என்றாள். ஒரு வாய்க் காப்பிகூடக் குடிக்கவில்லை. உன் பெண்டாட்டியாச்சே, பிடிவாதத்துக்குக் கேட்கணுமா! மூடியைத் திறந்தேன். இசைத்தட்டு உள்ளேயே கிடந்தது. ஓடவிட்டேன்.

தோட்டத்துப் பெரிய துரை பங்களாவை இடித்தபோது கல்லும் மண்ணும் ஏற்றப் போன நீ, குப்பையிலிருந்து அதைப் பொறுக்கி வந்தாய். அட்டையைக் கறையான் தின்றிருந்தது. நடுவில் ஒட்டியிருந்த தாளைப் படித்து, இது இத்தாலிக்காரர்கள் மேடையில் பாடி நடிக்கிற நாடகம் என்று உன் மகள்தான் சொன்னாள். செம்பனைக் குலை ஏற்றுகிற லாரிக்காரனுக்கு இத்தாலி எதற்கடா என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. ஆர்மோனியத்தை இழுத்து வைத்துச் சுருதி தேடினாய். “அஞ்சு கட்டை மணியம்! நம்ம கட்டைலா!” என்று கத்தினாய். கோயில் பஜனையில் நீ காலமெல்லாம் பாடியது அந்த ஐந்து கட்டையில்தானே.

என்ன பாட்டு, என்ன கதை, நமக்குத் தெரியாது. முதலில் அடிக்குரலில் பிடில்கள். விளம்ப காலம். யாரோ ஒருவன் அவசரமே இல்லாமல் படியேறி வருவதுபோல இருக்கும். கீரவாணியின் சாயல் என்பாய். பிறகு அந்த இத்தாலிக்காரி பாடத் தொடங்குவாள். கெஞ்சுவாள், குரல் ஏறும், உடையும். கீழே பிடில்களின் நடை மட்டும் மாறவே மாறாது. அவள் எவ்வளவு கதறினாலும் வருகிறவன் வந்துகொண்டேதான் இருப்பான். கதையைக் கைப்பேசியில் தேடித் தருகிறேன் என்று மகள் சொன்னபோது, “வேணாம்மா, தெரிஞ்சிட்டா பயம் போயிரும்” என்று தடுத்துவிட்டாய்.

கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய மறுநாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டாய். “மெஷின் சரியில்லடா. இத்தாலிக்காரி அரைக் கட்டை இறங்கிட்டா.”

தட்டைச் சுழற்றும் பெல்ட் தொய்ந்திருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுப் பார்த்தேன். பழைய நடை அப்படியே இருந்தது. “பெல்ட்டு தொய்ஞ்சா தாளமும் சேர்ந்துல்ல இழுக்கணும்? சுருதி மட்டும் எப்படிடா இறங்கும்?” என்றேன். “ஜால்ரா தட்டுறவனுக்கு வாயப் பாரு” என்று ஆர்மோனியப் பெட்டியைத் திறந்து ஐந்து கட்டையை அழுத்தினாய். பெட்டியும் அவளும் மயிரிழை பிசகாமல் சேர்ந்து நின்றார்கள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. உன் முகம்தான் இருண்டுவிட்டது.

“பெட்டியும் இறங்கிருச்சு மணியம்.”

இரண்டும் எப்படியடா ஒரே நாளில், ஒரே அளவுக்குக் கெட்டுப்போகும்? நீ மறுபடியும் முள்ளை எடுத்து வைத்தாய். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாய். “முன்ன பயந்து பாடுவா. இப்ப நம்மளப் பயமுறுத்துறா. இது வேற ஆளுடா” என்றாய். எனக்கு அவள் எப்போதும்போலக் கெஞ்சிக்கொண்டுதான் இருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை பஜனையில் பெட்டியின் சுருதிக்கு அரைக் கட்டை மேலே பாடினாய். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நீ பெட்டியை முறைத்தாய். வெளியே வந்ததும் உன் சட்டையைப் பிடித்தேன். “கெட்டது பெட்டியில்லடா, உன் காதோ தலையோ. நாளைக்கே சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா.”

மணிக்கட்டை நீட்டி மஞ்சள் கயிற்றைக் காட்டினாய். “கட்டியாச்சு. திருவிழா முடியாம எல்லை தாண்டக் கூடாது, தெரியும்லா?”

“அவுத்து வைடா. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா.”

“ஆத்தா கோவிச்சுக்க மாட்டா. எனக்கு மனசு வராது.”

கெஞ்சினேன், திட்டினேன், தங்கச்சியை உன் முன்னால் அழச் சொன்னேன். ம்ஹூம். பூசாரியே அவிழ்த்துவிடுகிறேன் என்றபோதும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாய். தலை இடித்தது, வாந்தி எடுத்தாய், ஒரு காதைப் பொத்திக்கொண்டு பாடினாய். தேர் சுற்றி வரும்போது நான் சாமியைப் பார்க்கவில்லை. உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காப்பு அவிழ்த்த அன்றே உன்னைக் காரில் ஏற்றிப் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் கட்டி. முன்பே வந்திருந்தால் சுலபமாகக் குணமாக்கியிருக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் அப்படிச் சொல்ல முடியாது என்றார். உன்னை ஓங்கி அறைய வேண்டும்போல வந்தது. நீ ஊசி குத்திய கையோடு பச்சைக் குழந்தைபோலப் படுத்திருந்தாய்.

ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்முன், “ஒரு சா புடி மணியம்” என்றாய். ஆஸ்பத்திரி என்றுகூடப் பாராமல் வாய்விட்டுப் பிடித்தேன். கண்ணை மூடிக் கேட்டாய். “கீழ நிக்கிறடா. எல்லாரும் கீழ போயிட்டீங்க. நான் மட்டும் மேல தனியா நிக்கிறேன்.” அதன் பிறகு நீ பேசவில்லை. ஆபரேஷன் முடிந்தும் கண் விழிக்காமலே போய்விட்டாய். எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறதடா.

அதிலிருந்து ஒரு பழக்கம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஏதோ ஒன்று மாறிப்போச்சு என்று யார் சொன்னாலும் நான் அந்தப் பொருளைப் பார்ப்பதில்லை. சொன்னவரின் முகத்தைத்தான் பார்க்கிறேன். பேரப்பிள்ளைகள்கூட, “தாத்தா எதுக்கு இப்படி முறைக்கிறாரு?” என்கிறார்கள்.

போன வாரம் என் வீட்டுக்காரி, சீனி இனிக்கவில்லை, கலப்படம் என்று கடைக்காரனைத் திட்டினாள். வேறு கடையில் வேறு பாக்கெட் வாங்கி வந்தாள். அதுவும் சப்பென்று இருக்கிறதாம். நான் இரண்டிலும் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டேன். இரண்டும் இனித்தன. அவளுக்கு ஒன்றும் விளக்காமல் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். “சீனி கெட்டுப்போனா கடைக்குல்ல போகணும், டாக்டர்கிட்டயா போவாங்க?” என்று வழியெல்லாம் ஏசினாள்.

அவளுக்கும் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். முடிவு தெரிய நாளைக் காலையில் வரச் சொன்னார்கள். குசினியில் காப்பி கலக்கியபடி அவள் இன்னும் சீனியைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறதடா.