பழைய காவல்காரி, புதிய காவல்காரி

ஏப்ரல் 2, வியாழன்

முட்டி வலி குறைந்திருக்கிறது. பேத்தி மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குக் கிளம்பும்போது முகம் சரியில்லை. என்னடி என்றால், "ரொட்டேஷன் வந்துடுச்சு பாட்டி" என்கிறாள், வேண்டாத விருந்தாளி வந்ததுபோல.

சாயங்காலம் விளக்கினாள். அவள் ஆடும் கார்டு விளையாட்டில் ஆண்டுக்கு ஒருமுறை பழைய தொகுப்புகளைப் போட்டியிலிருந்து விலக்கிவிடுவார்களாம். கார்டு நம் கையில் இருக்கும், போட்டியில் போட முடியாது. புதுத் தொகுப்பு வாங்கி மறுபடி டெக், அதாவது போட்டியில் ஆடும் கட்டு, கட்டவேண்டும். அவள் டெக்கில் பாதி போச்சு.

"எல்லாருக்கும்தானே போச்சு? நேத்துப் புலியெல்லாம் இன்னிக்குப் பூனைதான். இதுதான்டி உனக்கு நேரம்" என்றேன். சிரிக்கவில்லை. ஆனால் சாப்பிட்டாள்.

ஏப்ரல் 9

மகன் சாப்பாட்டில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தான். "வேலைக்குப் போற பொண்ணு, இன்னும் படம் போட்ட அட்டையைக் கட்டிக்கிட்டு அழறியே."

அவள் தட்டைப் பார்த்தபடி சொன்னாள்: "பெரிய போட்டிக்கு ஆள் எடுக்குறாங்கப்பா. மு... முதல் எட்டுல வரலைன்னா விட்டுடுறேன். எல்லாத்தையும் குடுத்துடுறேன்."

அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

இவனுக்கு என்ன தெரியும்? பேச்சு திக்குகிறது என்று கல்யாண வீட்டுக்குக்கூட வராத பெண். கடையில் வாடிக்கையாளர் முகமே பார்க்காத லென்ஸ் அறுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டவள். கார்டு ஆடும் கூடத்தில் மட்டும் எதிரே இருப்பவனிடம், "இதைத் தடுக்குறேன், அதை எடுத்துக்குறேன்" என்று மளமளவென்று பேசுகிறாள். திக்கினாலும் நிறுத்துவதில்லை. ஒருநாள் கூடப் போய் என் காதால் கேட்டேன். அதையா விட்டுவிடுவாள்?

ஏப்ரல் 17

டெக் தயார். மகனோடு நான் இன்னும் பேசவில்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

நாளை போட்டி. கார்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறை கீறியிருந்தால் எது எந்தக் கார்டு என்று பின்பக்கமே காட்டிக்கொடுத்துவிடும், ஜட்ஜ் விடமாட்டாராம். அவளுக்குக் கடையில் வேலை. "பாட்டி, நீயே புது உறை மாத்திடு" என்று என்னை நம்பி விட்டுப் போனாள். என் கைப்பக்குவம் அவளுக்குத் தெரியும்.

காவல்காரி என்று ஒரு கார்டு, ஈட்டி பிடித்த பெண். நான்கு வைத்திருக்கிறாள். புதிது, பளபளவென்று மினுக்குகிறது. ஆனால் நான்கும் காய்ந்த இலைபோல் வளைந்துபோயிருந்தன. பழைய டப்பாவில் தேடினால் அதே காவல்காரி, வேறு படம், தட்டையாக, கண்ணுக்கு லட்சணமாக. பேரை எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்தேன். அஞ்சாம் வகுப்பு போதும் இதற்கு. நான்கையும் மாற்றிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை, பார்த்து மகிழட்டும்.

ஏப்ரல் 25

என்னால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அப்பாடா. நாளைக்கு எழுதுகிறேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

நேற்று நடந்தது. நானும் கூடத்துக்குப் போனேன். ஓரத்து நாற்காலி கொடுத்தார்கள். ஆட்டம் தொடங்குமுன் ஜட்ஜ் அம்மா மைக்கில் சொன்னார்: "விலக்கின பழைய தொகுப்புக் கார்டு யார் டெக்குல இருந்தாலும் அந்த ஆட்டம் தோல்விதான்."

பழைய தொகுப்பு. பழைய டப்பா. ஐயோ — பழைய காவல்காரி!

எழுந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர், "ஆடறவங்ககிட்டப் பேசக்கூடாதும்மா" என்று உட்காரவைத்தார். பேத்தி இரண்டு ஆட்டம் ஜெயித்தாள். இத்தனையும் என்னால் போகப்போகிறதே! என்ன புத்தி எனக்கு? கேட்டிருக்கக்கூடாதா?

மூன்றாவது ஆட்டத்துக்கு உட்கார்ந்ததும் ஜட்ஜ் வந்து அவள் டெக்கைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு போனார். இனி என்ன வழி? ஜட்ஜ் மேசைக்கே போய் நின்றேன்.

"அம்மா, நான்தான் அவ பாட்டி. புதுசு வளைஞ்சிருந்துச்சுன்னு காவல்காரியை மாத்தினது நான். பொண்ணுக்குத் தெரியாது. தண்டனைன்னா எனக்குக் குடுங்க."

"உங்களை எந்த ஆட்டத்துல தோக்கடிக்கறது பாட்டிம்மா?" என்று சிரித்தார். பிறகு கார்டை எடுத்துக் காட்டினார். "காவல்காரி புதுத் தொகுப்புல மறுபடி வந்திருக்கா. பேர் உள்ள வந்துட்டா, பழைய படம் இருந்தாலும் ஆடலாம். மாத்தினது நல்லதுதான். வளைஞ்ச கார்டுன்னா உறைக்குள்ளயே தூக்கிக்கிட்டு அடையாளம் காட்டிடும், அதுக்குத்தான் நான் தண்டனை குடுத்திருப்பேன்."

அங்கேயே உட்கார்ந்து அவர் தண்ணீரைக் குடித்தேன்.

பேத்தியிடம் பிறகு கேட்டால், "முதல் ஆட்டத்துலயே பா... பாத்துட்டேன் பாட்டி. உன் வேலைன்னு தெரியும்." இதை முன்னமே சொல்லியிருந்தால் என் உயிர் பாதி மிஞ்சியிருக்கும்!

கடைசியில் ஒன்பதாவது வந்தாள். எட்டுப் பேருக்குத்தான் இடம். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஏப்ரல் 27

மகன் கேட்டேவிட்டான். "சொன்ன சொல்லு என்னாச்சு?"

உள்ளே போனாள். கார்டு டப்பாவைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அவன் டப்பாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"எட்டாவது வந்தவன் எவ்வளவு முன்னாடி?" என்றான்.

"ஒரே ஆ... ஆட்டம்பா."

"ஒரு ஆட்டத்துக்காகவா விடுவாங்க? எடுத்துட்டுப் போ."

என் வயிற்றில் பிறந்தவன்தான், சந்தேகமில்லை. நான் அடுப்படிக்கு நழுவிவிட்டேன். பேசினால் கெட்டுவிடும்.

மே 10, ஞாயிறு

கூடத்தில் அவளோடு ஆடியவர்கள் அடுத்த போட்டிக்கு ஆடிப் பழகுவதற்கென்று வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். தொப்பிக்காரர் ஒருவர், அக்காவும் தங்கையுமாக இருவர். முன்னறையில் கால் வைக்க இடமில்லை, சாப்பாட்டு மேசை முழுக்கக் கார்டு. பேத்தி ஏதோ விதியை அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள், நடுவில் ஒரு சொல்லில் நின்றுபோனாள். அவர்கள் பேசாமல் காத்திருந்தார்கள். சொல்லி முடித்தாள்.

மகன் அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டான். "சத்தம் போடாதம்மா, யோசிக்குறாங்க" என்று என்னை அதட்டுகிறான்.