வாசல் வரைக்கும் வந்தீர்கள்

மாமா, அன்று நான் உங்களிடம் சொல்லாதது இதுதான்: சமயபுரத்தில் உங்களைப் பார்த்தேன்.

போன வாரம் உங்கள் திருமண் பெட்டியைத் திறந்தோம். நீங்கள் போய் ஆறு மாதமாகியும் பச்சைக் கற்பூர வாசனை அதில் அப்படியே இருந்தது. அடியில், மடித்த காகிதத்துக்குள், கட்டைவிரல் நீளத்தில் ஒரு வெள்ளித் தகடு. அதில் ஒரு குழந்தை உருவம். உங்கள் பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. "மாரியம்மனுக்குப் போடற உருவாச்சே. அப்பா பெட்டியில எப்படி?" என்றார். "கோதையோடது" என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

கோதைக்கு அப்போது மூன்று வயது. காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு ஓடினோம், மூளைக்காய்ச்சல் என்றார்கள். எட்டாவது நாளும் அவள் கண் திறக்கவில்லை. "இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்" என்றார் டாக்டர். பார்த்த பிறகு என்ன என்று நம்மில் யாரும் கேட்கவில்லை.

மணப்பாறையிலிருந்து வந்திருந்த என் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ கும்பிடக்கூட வேணாம்டி. சமயபுரம் போய் ஆத்தா முன்னாடி சும்மா நின்னுட்டு வா. பெத்தவ வந்து நின்னா அவளுக்குப் புரியும்." எனக்கு நம்பிக்கை இல்லையென்று அவளுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். கல்யாணமான புதிதில் உங்களிடமே சொல்லியிருக்கிறேன். நீங்கள் சிரித்தீர்கள். "அதனால என்னம்மா? பெருமாளுக்கு உன் மேல இருந்தா போறும்."

ஆனால் அதே வருடம் எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு அம்மா அழைத்தபோது, "நாங்க பெருமாளைத் தவிர வேற எங்கேயும் சேவிக்கிறதில்லை. தப்பா எடுத்துக்காதீங்கோ" என்று கைகூப்பினீர்கள். மரியாதையாகத்தான் சொன்னீர்கள். எனக்குத்தான் அது நெடுநாள் உறுத்தியது.

அம்மா சொன்னதற்காக, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி சமயபுரம் போனேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கோயில் வாசலுக்கு முன்னால், உரு விற்கிற கடையில், பன்னிரண்டு திருமண் பளிச்சென்று தெரிய நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். நான் தேங்காய்க் கடை மறைவில் ஒதுங்கினேன்.

கடைக்கார அம்மாள் உங்களை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன சாமி, ஸ்ரீரங்கத்துலேருந்தா? வழி தவறி வந்துட்டீங்களா?"

"கொழந்தை உரு ஒண்ணு வேணும்."

"ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா?"

"பொண் கொழந்தை."

அதற்குள் உங்கள் குரல் உடைந்துவிட்டது. அந்த அம்மாள் பிறகு கேலி பேசவில்லை. "கொழந்தை தலைமாட்டுல வெச்சு எடுத்துட்டு வரணும்னு சொல்வாங்க. பரவாயில்ல, நெனச்சுக்கிட்டே போடுங்க, ஆத்தா எடுத்துப்பா" என்று காகிதத்தில் மடித்துத் தந்தாள்.

வாசல் வரைக்கும் போனீர்கள். உங்களைத் தள்ளிக்கொண்டு எத்தனையோ பேர் உள்ளே போனார்கள். ஒருமுறை வலது காலைத் தூக்கினீர்கள். மறுபடி அங்கேயே வைத்தீர்கள். வெகுநேரம் நின்றீர்கள். பிறகு தகட்டை மடியில் செருகிக்கொண்டு பஸ் நிற்கும் பக்கமாக நடந்தீர்கள்.

"மாமா, வாங்கோ, ரெண்டு பேருமாப் போகலாம்" என்று நான் கூப்பிட்டிருக்கலாம். வாய் வரவில்லை. உங்களை அந்த நிலையில் பார்த்தது தெரிந்தால் நீங்கள் கூசிப்போவீர்கள் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், எனக்கும் அந்தப் படியைத் தாண்டத் துணிவில்லை என்றுதான் படுகிறது. நானும் உள்ளே போகாமலேயே திரும்பினேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில், "எங்கேம்மா போயிருந்தே?" என்றீர்கள்.

"சும்மா, காத்தாட. நீங்க மாமா?"

"பென்ஷன் ஆபீஸ் வரைக்கும்."

ஞாயிற்றுக்கிழமை எந்த ஆபீஸும் திறந்திராது என்பது நம் இருவருக்குமே தோன்றவில்லை.

பதினோராவது நாள் கோதை கண் திறந்தாள். இடது காதில் மட்டும் கேட்கும் சக்தி திரும்பவில்லை. அதன்பிறகு நீங்கள் எப்போதும் அவளுக்கு வலப்பக்கம்தான் உட்கார்ந்தீர்கள், கதை சொல்வதானாலும் பாசுரம் சொல்லித்தருவதானாலும்.

வீடு திரும்பிய அன்று அம்மா சமயபுரம் குங்குமத்தோடு ஸ்ரீரங்கத்துக்கு வந்தாள். கூடத்தில் இருந்த உறவினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நீங்கள் எழுந்து தட்டை வாங்கினீர்கள். "தைப்பூசத்துக்குக் கொள்ளிடக் கரையில தங்கை மாரியம்மனுக்குச் சீர் குடுக்கறவர் நம்ம பெருமாள். தங்கை ஆத்துலேருந்து குங்குமம் வந்தா வேண்டாம்பாரா?" எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் கை மடியைத் தடவிப் பார்த்ததை நான் கவனித்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

நான்கு வருடம், தினமும் காலையில் அந்தப் பெட்டியைத் திறந்துதான் திருமண் இட்டுக்கொண்டீர்கள். தகட்டைக் கொண்டுபோய்ச் செலுத்தவும் உங்களால் ஆகவில்லை, தூக்கிப் போடவும் ஆகவில்லை. நம்பிக்கை உள்ளவர்களுக்கு எல்லாம் சுலபம் என்று நான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் இப்போது என்னிடம் இல்லை. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டதா என்று கேட்டால், தெரியவில்லை மாமா.

நேற்று கோதையை அழைத்துக்கொண்டு சமயபுரம் போனேன். தகடு அவள் கையில் இருந்தது.

"தாத்தா ஏன் இதைப் போடல?"

"வாசல் வரைக்கும் வந்தார்" என்றேன். கூட்டத்தின் இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. வலது காதைத் திருப்பிக் காட்டினாள். குனிந்து இன்னொரு முறை சொன்னேன்.

"சரி, வா" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். உள்ளே போனோம். உண்டியலில் அவளே போட்டாள்.