நிற்காத ஆராய்ச்சி

செவ்வாய்க்கிழமை இரவு

எச்ஐவி ஆராய்ச்சி நிற்கவே இல்லை, நானே தேடிப் பார்த்துவிட்டேன்!

எங்கள் ஊர் பாயா ரும்புட்டில் ரொட்டி சானாய் என்னும் பரோட்டாக் கடை வைத்து, என்னையும் வேலைக்கு வைத்திருக்கும் அக்காவுக்கு எச்ஐவி இருப்பது எனக்குத் தெரியும். இன்று கடை சாத்தும்போது கைப்பேசியை நீட்டினார். அரசாங்கப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சிகளின் பொதுப் பட்டியலில் ஒன்றுக்கு நேராக ‘முடிந்தது’ என்றிருந்ததை யாரோ வீடியோவாகப் போட்டிருந்தார்கள்.

“எல்லாத்தையும் நிறுத்திட்டாங்களாம் தம்பி. அப்புறம் நான் எதுக்கு மாத்திர போடணும்?”

அந்தப் பட்டியலை நான் தினமும் மேய்கிறவன். அங்கேயே திறந்து காட்டினேன். அதே தலைப்பு, அதே ஆராய்ச்சியாளர், கீழே புது எண்ணில் ‘நடக்கிறது’.

“முடிஞ்சது பழைய கான்ட்ராக்ட்தான்க்கா. புதுசு போட்டுட்டாங்க. அவங்க நிறுத்துனாலும் நீங்க மாத்திரய நிறுத்தக் கூடாது லா!”

“பரோட்டா பிச்சுப் போடத் தெரியல, இதெல்லாம் தெரியுது உனக்கு!” என்று சிரித்தார். என் முன்னாலேயே மாத்திரையை விழுங்கினார்.

நாளை அந்த வீடியோவுக்குக் கீழேயே எழுதப்போகிறேன்: எல்லோரும் பட்டியலைத் திறந்து பாருங்கள், பயந்தவர்களுக்கு அனுப்புங்கள். அக்கா பயந்த கதையையும் அதில் சேர்க்கலாமா என்று அவரிடமே கேட்டுவிட்டேன்.

“போடு லா. என் பேரு மட்டும் வேணாம்.”

இந்த டைரியிலும் அவர் பெயரை எழுதவில்லை.